மூன்று அரசுகளின் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனத்தின் பழைய வரலாற்றுப் புதினமான ‘சான்குவோ யான்யி’யை, அதாவது மூன்று அரசுகளின் கதையை, நான் படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு அந்நூலைக் கையில் எடுத்த நண்பர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களோடுதான் என்னிடம் வந்தார்கள். தனித்தனியே விடை சொல்லி அலுத்துப்போனதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். கதையின் மிகப் பெரிய பாத்திரத்தின் பெயரைச் ‘சாவ் சாவ்’ என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு அபசகுனமாக ஒலிக்கிறது. சீன ஒலிப்புக்கும் நெருக்கமாக இருக்கட்டும் என்று ‘ட்சாவ் ட்சாவ்’ என்றே எழுதியிருக்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? படிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

நானூறு ஆண்டுக் காலம் சீனத்தை ஆண்ட ஹான் பேரரசு, 184இல் வெடித்த மஞ்சள் தலைப்பாகைக் கலகத்தோடு ஆட்டம் காண்கிறது. அதை அடக்கப் படை திரட்டிய தளபதிகள், கலகம் அடங்கிய பிறகும் படையைக் கலைக்காமல் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்கள். கடைசியில் எஞ்சுபவை மூன்று அரசுகள். வடக்கே ட்சாவ் ட்சாவ் கட்டியெழுப்ப, அவர் மகன் 220இல் ஹான் பேரரசரை இறக்கிவிட்டு அரியணை ஏறிய வெய்; தென்மேற்கே இன்றைய சிச்சுவான் பகுதியில் லியூ பெய் நிறுவிய ஷூ; தென்கிழக்கே யாங்சி ஆற்றை அரணாகக் கொண்டு சுன் ச்சுவான் ஆண்ட வூ.

இம்மூன்றில் எதுவுமே இறுதியில் வெல்லவில்லை. 263இல் ஷூ, வெய்யிடம் வீழ்ந்தது. வெய்யின் அரியணையை அதன் அமைச்சர் குடும்பமான ஸிமா வழியினர் 266இல் கைப்பற்றி, ஜின் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அவர்களே 280இல் வூவையும் விழுங்கினார்கள். யாருக்காகவும் நிற்காத இந்த முடிவுதான் எனக்கு இந்நூலின் பெரிய ஈர்ப்பு.

எழுதியவர் யார்? ஒருவரே எழுதினாரா?

பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த லுவோ குவான்சோங் என்பது மரபு. அவரைப் பற்றிய செய்திகள் ஒரு கையளவுதான். அவரை அறிந்த ஒருவர், 1364இல் அவரை மறுபடி சந்தித்ததாகவும், பிரிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார். இன்று கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய அச்சுப்பதிப்பு 1522ஆம் ஆண்டினது.

ஆனால் நீங்களும் நானும் படிப்பது அந்தப் பதிப்பு அன்று. பதினேழாம் நூற்றாண்டில் மாவ் லுன், மாவ் சோங்காங் என்ற தந்தையும் மகனும் அதைச் செதுக்கி, 120 அத்தியாயங்களாக அமைத்து, வரிக்கு வரி உரையும் எழுதினார்கள். ‘உலகின் போக்கு இதுவே: நெடுநாள் பிரிந்திருந்தது சேரும், நெடுநாள் சேர்ந்திருந்தது பிரியும்’ என்று நூலுக்கு வாசல்படியாக நிற்கும் புகழ்பெற்ற வாக்கியம் அவர்கள் கைவண்ணமே. 120ஆம் அத்தியாயத்தின் முடிவில் அதையே முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கிறது. நூறு பக்கத்துக்குள் குழம்பிவிட்டேன். என்ன செய்வது?

அக்காலச் சீன ஆண்மகனுக்கு இயற்பெயர் ஒன்று. வயது வந்த பின் வைக்கும் மதிப்புப் பெயர் ஒன்று. ஒத்தவர்கள் அழைப்பது இரண்டாவது பெயரால்தான். ஆகவே ஜூகே லியாங்கும் கோங்மிங்கும் ஒருவரே. லியூ பெய்யும் சூவான்டேயும் ஒருவரே. நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். எல்லோரையும் நினைவில் வைக்க முயலாதீர்கள். மேலே சொன்ன மூவேந்தரோடு, லியூ பெய்யின் உடன்பிறவாத் தம்பிகளான குவான் யூ, ஜாங் ஃபெய், அவருடைய மதியூகியான ஜூகே லியாங், வூவின் தளபதி ஜோ யூ, வெய்யின் தளபதி ஸிமா யீ ஆகியோரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இது வரலாறா, கட்டுக்கதையா?

‘ஏழு பங்கு உண்மை, மூன்று பங்கு கற்பனை’ என்று பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் ஜாங் சூவேசெங் போட்ட கணக்கைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. இப்படிக் கலந்து வைத்தால் படிப்பவர் குழம்புவார் என்று குறைப்பட்டுக்கொண்டார். உண்மைப் பங்குக்கு அடிப்படை, ஷூவில் பிறந்து, அது வீழ்ந்த பின் ஜின் அரசில் பணிபுரிந்த சென் ஷோ எழுதிய 65 பகுதி வரலாறு. அவர் சிக்கனமாக எழுதினார் என்று கருதிய பெய் சோங்ஜி, பல்வேறு ஏடுகளிலிருந்து துணுக்குகளைத் திரட்டி 429இல் அதற்கு உரை சேர்த்தார். புதினத்தின் சுவையான இடங்கள் பல அந்த உரையிலிருந்து முளைத்தவை.

கற்பனை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வைக்கோல் படகுகளைப் பாருங்கள். பத்து நாளில் ஒரு லட்சம் அம்பு செய்து தர வேண்டும் என்று ஜோ யூ வம்புக்குக் கேட்க, மூன்று நாள் போதும் என்கிறார் ஜூகே லியாங். இரண்டு நாள் சும்மா இருக்கிறார். மூன்றாம் நாள் விடியலுக்கு முன், கைநீட்டினால் கை தெரியாத மூடுபனியில், இருபுறமும் வைக்கோல் கட்டுகளை அடுக்கிய இருபது படகுகளை ட்சாவ் ட்சாவின் முகாம் அருகே கொண்டுபோய் முரசு கொட்டச் சொல்கிறார். எதிரி பனிக்குள் கண்மண் தெரியாமல் அம்பு தொடுக்கிறான். ஒரு பக்கம் நிறைந்ததும் படகுகள் திரும்பி மறுபக்கத்தைக் காட்டுகின்றன. பனி விலகும்போது, ‘அம்புகளுக்கு நன்றி, அமைச்சரே!’ என்று வீரர்கள் கூவிக்கொண்டே திரும்புகிறார்கள்.

பெய் சோங்ஜியின் உரையில் இருப்பது இவ்வளவே: 213இல் சுன் ச்சுவான் பெரிய படகில் எதிரி முகாமை வேவு பார்க்கப் போனார், ஒரு பக்கம் தைத்த அம்புகளின் பாரத்தால் படகு சாய்ந்தது, கவிழாமல் இருக்க அதைத் திருப்பி மறுபக்கமும் அம்பு வாங்கிக்கொண்டு, சமனானதும் திரும்பினார். ஆள் வேறு, ஆண்டு வேறு, நோக்கமும் வேறு. கதைசொல்லிகள் கையில் அது செம்பாறைப் போருக்கு இடம்பெயர்ந்து, ஜூகே லியாங்கின் தலையில் கிரீடமாக ஏறிவிட்டது.

அப்படியானால் அந்தச் செம்பாறைப் போர் நடந்ததா, அதுவும் கதையா?

நடந்தது. 208ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் யாங்சி ஆற்றில் ட்சாவ் ட்சாவின் பெரும்படையை, அளவில் மிகச் சிறிய கூட்டுப்படை தீ வைத்துத் துரத்தியது. சரணடைவதுபோல் நடித்து, எண்ணெய் ஊற்றிய உலர்புல் ஏற்றிய படகுகளை எதிரிக் கலங்கள் மீது விட்டவர் ஹுவாங் காய் என்ற மூத்த தளபதி. இதைச் சென் ஷோவே எழுதியிருக்கிறார். வெற்றியின் பெருமை ஜோ யூவுக்கு உரியது. ஜூகே லியாங் அங்கே கூட்டணி பேச வந்த தூதர் மட்டுமே. மேடை அமைத்து மந்திரத்தால் தென்கிழக்குக் காற்றை வரவழைத்தது புதினத்தின் சரக்கு.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வரலாற்றில் ஜோ யூ பெருந்தன்மையுள்ளவர். இசை நுணுக்கம் தெரிந்தவர். 210இல் நோயுற்று இறந்தவர். புதினமோ அவரைப் பொறாமைக்காரராக்கி, ‘யூவைப் படைத்த பின் லியாங்கை ஏன் படைத்தாய்?’ என்று வானத்தை நோக்கிக் கதறிச் சாகவைக்கிறது. ஒருவரை உயர்த்த இன்னொருவரைக் குள்ளமாக்கியதில் இதுவே பெரிய அநீதி.

ஆளில்லாத கோட்டை மீது உட்கார்ந்து இசை வாசித்து எதிரியை விரட்டினாராமே, அது?

அதுவும் நடக்கவில்லை. 228இல் மா சூ என்ற தளபதி ஜியேடிங் என்னும் இடத்தைக் கோட்டைவிட, ஜூகே லியாங் பின்வாங்க நேர்ந்தது உண்மை. ஆனால் அப்போது ஸிமா யீ அந்தப் போர்முனையிலேயே இல்லை. இந்தத் துணுக்கைத் தம் உரையில் எடுத்துக்காட்டிய பெய் சோங்ஜியே, அதே காரணத்தைச் சொல்லி இது பொருந்தாது என்று தள்ளிவிட்டார்.

ஆயினும் அந்தக் காட்சியை யாரும் மறப்பதில்லை. நான்கு வாயில்களும் திறந்து கிடக்கின்றன. ஒவ்வொரு வாயிலிலும் ஊர்க்காரர் வேடத்தில் இருபது வீரர் தரை பெருக்குகிறார்கள். மேலே இரு சிறுவர் பக்கத்தில் நிற்க, ஊதுவத்தி புகைய, அவர் நரம்பிசைக் கருவியை மீட்டுகிறார். ‘உள்ளே படையே இல்லையோ என்னவோ’ என்று ஸிமா யீயின் மகன் சரியாகவே ஊகிக்கிறான். ‘அவர் வாழ்நாள் முழுதும் எச்சரிக்கையானவர், துணிந்து இறங்கமாட்டார்’ என்று தந்தை மறுத்துப் படையைத் திருப்புகிறார். இந்தத் தந்திரத்தை நிகழ்த்த, இருபது ஆண்டு சம்பாதித்த நற்பெயர் முதலீடாக வேண்டும். அதையும் ஒரு முறைதான் செலவழிக்கலாம்.

ட்சாவ் ட்சாவ் உண்மையிலேயே அவ்வளவு கெட்டவரா?

புதினம் அவரை நான்காம் அத்தியாயத்திலேயே தீர்த்துக்கட்டிவிடுகிறது. தப்பியோடும் வழியில் அடைக்கலம் தந்த வீட்டில், கத்தி தீட்டும் ஓசை கேட்டு, தம்மைக் கொல்லப்போகிறார்கள் என்று எண்ணி அனைவரையும் வெட்டுகிறார். பிறகுதான் கட்டிப்போட்ட பன்றி கண்ணில் படுகிறது. விருந்துக்கான ஏற்பாடு அது. வெளியேறும்போது எதிரே மது வாங்கிவரும் வீட்டுப் பெரியவரையும் வெட்டிவிட்டு, ‘நான் உலகத்துக்குத் துரோகம் செய்தாலும் செய்வேன், உலகம் எனக்குச் செய்ய விடமாட்டேன்’ என்கிறார். பழைய ஏட்டில் ‘பிறர்’ என்று இருந்த சொல்லைப் புதினம் ‘உலகம்’ என்று பெருக்கியது. ஒரு சொல்லில் ஒரு மனிதர் அரக்கரானார். மேடைக் கூத்திலும் அவருக்கு வஞ்சகத்தைக் குறிக்கும் வெள்ளை முகப்பூச்சுதான்.

வரலாற்று மனிதர் வேறு. பாழ்நிலத்தில் குடியேற்றப் பண்ணைகள் அமைத்துப் பஞ்சத்தைத் தணித்தவர். குலம் பாராமல் திறமையைப் பார்த்து ஆளெடுத்தவர். ‘வெண்ணெலும்பு வெளியில் கிடக்கிறது, ஆயிரம் காதம் சேவல் கூவவில்லை’ என்று தாம் கலந்துகொண்ட போர்களின் அழிவையே பாடிய நல்ல கவிஞர். 193இல் சூஜோ பகுதியில் பொதுமக்களைக் கொன்று குவித்தவரும் அவரே. 1959இல் சீனத்தில் அவருக்கு நற்பெயர் மீட்டுத்தரும் பெரிய விவாதமே நடந்தது; குவோ மோருவோ அதற்காக நாடகம் எழுதினார். வெள்ளைப் பூச்சு மட்டும் போகவில்லை.

தோற்றுப்போன ஷூவை ஏன் இந்தப் புத்தகம் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது?

இந்தச் சாய்வு புதினத்துக்கு முந்தியது. பதினோராம் நூற்றாண்டுக் கவிஞர் சூ ஷி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். தெருவில் சேட்டை செய்யும் பிள்ளைகளைச் சமாளிக்க முடியாத வீட்டார், கையில் காசு கொடுத்துக் கதைசொல்லியிடம் அனுப்பிவிடுவார்களாம். லியூ பெய் தோற்கும் இடம் வந்தால் பிள்ளைகள் முகம் சுளித்துக் கண்ணீர் விடுவார்களாம். ட்சாவ் ட்சாவ் தோற்றால் துள்ளிக் குதிப்பார்களாம். லுவோ குவான்சோங் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது; எழுதியவர்கள் அந்தக் குறும்புக்காரப் பிள்ளைகள்.

அறிஞர்கள் பின்னால்தான் வந்தார்கள். சென் ஷோவும், 1084இல் பெருவரலாறு முடித்த ஸிமா குவாங்கும் வெய்யின் ஆட்சியாண்டையே கணக்கில் கொண்டார்கள். 1127இல் வட சீனம் பறிபோய், சோங் அரசு தெற்கே ஒதுங்கியபோது காற்று மாறியது. வடக்கே வலிய பகைவன், தெற்கே உரிமையுள்ள சிறிய அரசு என்ற நிலை இப்போது அவர்களுடையதே. அக்கால மெய்யியலாளர் ஜூ ஷி, ஹான் வழியில் வந்த லியூ பெய்யின் ஷூவே முறையான அரசு என்று எழுதினார். மாவ் தந்தையும் மகனும் அந்த முடிவைப் புதினத்துக்குள் இன்னும் இறுக்கிக் கட்டினார்கள்.

சிங்கப்பூர், பினாங்கு சீனக் கடைகளில் சிவந்த முகமும் நீண்ட தாடியுமாக ஒரு சாமி இருக்கிறாரே, அவரும் இந்தக் கதையில் வருபவரா?

அவர்தான் குவான் யூ. குவான் கோங் என்பது மரியாதைப் பெயர். 200ஆம் ஆண்டில் அவர் ட்சாவ் ட்சாவிடம் பிடிபட்டபோது பொன்னும் பட்டமும் குவிந்தன. லியூ பெய் இருக்கும் இடம் தெரிந்ததும், பெற்ற பரிசுகளுக்கெல்லாம் முத்திரையிட்டு வைத்துவிட்டு, விடைபெறும் மடலும் எழுதிவிட்டுக் கிளம்பினார். இது வரலாற்றிலேயே உள்ளது. வழியில் ஐந்து கணவாய்களைக் கடந்து ஆறு தளபதிகளை வெட்டியது புதினம் சேர்த்தது. அடுத்தவர் பொன்னைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனவரைவிடக் கல்லாப்பெட்டிக்கு நல்ல காவல் யார்? அவர் பிறந்த ஷான்சி மாநில வணிகர்கள் போன இடமெல்லாம் அவரையும் கொண்டுபோனார்கள். 1614இல், அன்று சீனத்தை ஆண்ட மிங் வம்சப் பேரரசர் அவருக்குப் பேரரசர் என்ற பட்டமே கொடுத்தார். ஹாங்காங்கில் காவல் நிலையத்திலும் அவருக்கு மாடம் உண்டு, காவலர்கள் தேடும் ரகசியக் கும்பல்களிடமும் உண்டு. சொன்ன சொல் காப்பது இரு தரப்புக்கும் தேவைதானே.

கதையில் அவர் இறுமாப்பால் எதிரியை எளிதாக எண்ணி, ஜிங்ஜோ என்னும் முக்கியப் பகுதியை இழந்து, தலையையும் இழந்தவர். அந்தக் குறையைப் பக்தர்கள் மன்னித்துவிட்டார்கள். கையில் விஷம் பாய்ந்த எலும்பைச் சுரண்டும்போது அவர் அசையாமல் இருந்தது உண்மை நிகழ்ச்சியே. மருத்துவர் மட்டும், புதினம் சொல்வதுபோல், ஹுவா டுவோ அல்லர். அவரை ட்சாவ் ட்சாவ் சில ஆண்டுகளுக்கு முன்பே கொன்றுவிட்டார்.

சீனர்களின் அன்றாடப் பேச்சில் இந்தக் கதை இன்னும் இருக்கிறதா?

நிறைய. பேசிக்கொண்டிருந்த ஆள் அந்நேரம் வந்து நின்றால் நாம் ‘உங்களுக்கு ஆயுசு நூறு’ என்போம். அவர்கள் ‘ட்சாவ் ட்சாவ் என்றதும் ட்சாவ் ட்சாவ் வந்துவிட்டார்’ என்பார்கள். ‘மூன்று செருப்புத் தைப்பவர் சேர்ந்தால் ஒரு ஜூகே லியாங்’ என்பது கூடி யோசிப்பதன் பெருமை. எல்லா ஏற்பாடும் முடிந்து ஒன்றே ஒன்று குறைந்தால் ‘எல்லாம் தயார், கிழக்குக் காற்றுதான் வரவில்லை’ என்பார்கள். செம்பாறைப் போரின் காற்று அது. வேண்டியவரையே தண்டிக்க நேர்ந்தால் ‘கண்ணீரோடு மா சூவை வெட்டுவது’ என்பார்கள். ஜியேடிங்கைத் தோற்ற அந்த மா சூவுக்குத் தண்டனை கொடுத்த பின், ஜூகே லியாங் தம்மையும் மூன்று படி பதவி இறக்கிக்கொண்டார்.

சீனாவுக்கு வெளியே யார் படித்தார்கள்?

மிங் வம்சத்துக்குப் பின் சீனத்தை ஆண்ட மஞ்சுக்கள் 1650இல் தங்கள் மொழியில் முழுமையாக அச்சிட்டார்கள். ஜப்பானிய மொழிபெயர்ப்பு 1692க்குள் முடிந்தது. யோஷிகாவா எய்ஜி 1939 முதல் 1943 வரை அதை நாளிதழ்த் தொடராகப் புதிதாக எழுதினார். யோகோயாமா மிட்சுதெருவின் படக்கதை 60 தொகுதிகள் வந்தது. 1985இல் கோயெய் நிறுவனம் கணினி விளையாட்டாக்கியது. இன்றைய இளைஞர் பலர் கதைக்குள் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். தாய்லாந்தில் முதலாம் ராமா காலத்தில் (1782–1809) மொழிபெயர்க்கப்பட்ட ‘சாம் கொக்’ தாய் உரைநடைக்கே முன்மாதிரியானது. ‘சாம் கொக்கை மூன்று முறை படித்தவனோடு சேராதே’ என்பது அங்கே வழக்கு.

என் மனத்துக்கு நெருங்கியது கொரியர்கள் செய்தது. ஒரு பாடகரும் ஒரு முரசுக்காரரும் மட்டும் நிகழ்த்தும் பான்சோரி என்னும் கதைப்பாட்டு மரபில் இன்று எஞ்சியுள்ள ஐந்தில் ஒன்று செம்பாறைப் போர். அதில் போருக்கு முந்திய இரவில், ட்சாவ் ட்சாவின் பெயரற்ற படைவீரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வீட்டில் விட்டுவந்த தாயையும் மனைவியையும் பிள்ளையையும் சொல்லி அழுகிறார்கள். சீன மூலம் தளபதிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர்கள் எரிந்த படகில் இருந்தவர்களைப் பார்த்தார்கள்.

போர்த் தந்திரம், நிர்வாகம் கற்க இதைப் படிக்கச் சொல்கிறார்களே, உதவுமா?

மஞ்சுக்களுக்கு உதவியதாகச் சொல்கிறார்கள். புதினத்தில் ஜோ யூ, போதையில் உறங்குவதுபோல் நடித்து, ஒற்றன் கண்ணில் படும்படி பொய்க்கடிதம் ஒன்றை விட்டுவைக்க, அதை நம்பி ட்சாவ் ட்சாவ் தம் கடற்படைத் தளபதிகளையே கொல்கிறார். மஞ்சு அரசர் ஹோங் தாய்ஜி, சிறைப்பட்ட மிங் அரண்மனை ஊழியர் காதில் விழும்படி பொய்ச்செய்தி பேசவைத்துத் தப்பவிட்டாராம். அதை நம்பிய மிங் பேரரசர் தம் சிறந்த தளபதி யுவான் சோங்ஹுவானை 1630இல் கொன்றார். மற்றபடி, அலுவலக வெற்றிக்கு இதில் பாடம் தேடுவோர் மேலே சொன்ன வைக்கோல் படகு விடையை மீண்டும் பார்க்கலாம். பனி எப்போது இறங்கும் என்பது கதாசிரியருக்குத் தெரிந்திருந்தது.

லியூ பெய் நல்லவரா, நல்லவர்போல நடிப்பவரா?

இதுவே எனக்குக் கடினமான கேள்வி. தளபதி ஜாவ் யுன் எதிரிப்படையைப் பிளந்து, கவசத்துக்குள் கட்டிக் காப்பாற்றிக்கொண்டுவந்த தம் குழந்தையை லியூ பெய் தரையில் எறிந்து, ‘உன்னால் ஒரு தளபதியை இழக்க இருந்தேனே’ என்கிறார். ‘லியூ பெய் பிள்ளையை எறிந்தாற்போல்’ என்றால் மனத்தை விலைக்கு வாங்குவது என்று சீனப் பேச்சில் பொருள். புதினம் அவருடைய நல்லியல்பைக் காட்டப்போய்ப் போலியாகத் தோன்றவைத்தது, ஜூகே லியாங்கின் அறிவைக் காட்டப்போய்ப் பேய்போல ஆக்கிவிட்டது என்று நவீனச் சீன எழுத்தாளர் லூ சுன் எழுதினார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

19ஆம் அத்தியாயம் இன்னும் கசப்பானது. விருந்துக்கு இறைச்சி கிடைக்காத ஒரு வேடன், தன் மனைவியைக் கொன்று ஓநாய்க்கறி என்று பரிமாறுகிறான். மறுநாள் உண்மை தெரிந்து லியூ பெய் கண்ணீர் விடுகிறார். விசுவாசத்துக்குப் பரிசாகப் பின்னர் அந்த வேடனுக்குப் பொன் போகிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. ‘பெண்களே இல்லையே’ என்று கேட்டவர்களுக்கும் என் விடை இந்தப் பக்கம்தான். அழகி டியாவ்சான் கற்பனைப் பாத்திரம். ஆயுதம் தாங்கிய தோழியர் நூற்றுவரோடு வாழ்ந்த சுன் ச்சுவானின் தங்கை உண்மையில் இருந்தவர், ஆனால் அவருக்குக் கிடைப்பது சில அத்தியாயங்களே.

104ஆம் அத்தியாயத்தில் ஜூகே லியாங் இறந்துவிடுகிறார். அதற்கு மேல் படிக்க வேண்டுமா?

பலர் அங்கேயே மூடிவைத்துவிடுகிறார்கள். அவர் 234இல் இறந்த பின் வரும் 46 ஆண்டுகளைப் பதினாறு அத்தியாயங்களில் ஓட்டிவிடுவதால் நடை சோர்வது உண்மைதான். இருந்தாலும் 119ஆம் அத்தியாயத்துக்காகவாவது படியுங்கள். மேலே தரையில் எறியப்பட்டாரே, அந்தக் குழந்தை லியூ ஷான், நாற்பது ஆண்டு ஷூவை ஆண்டு, தோற்று, வெய்யின் தலைநகரில் விருந்தாளிக் கைதியாக இருக்கிறார். ஸிமா யீயின் மகன் ஸிமா ஜாவ் அவருக்கு ஷூ நாட்டு இசையும் ஆடலும் ஏற்பாடு செய்கிறார். உடன் வந்த பழைய அதிகாரிகள் கண்ணீர் விட, லியூ ஷான் சிரித்து மகிழ்கிறார். ‘ஷூவின் நினைவு வருகிறதா?’ என்று கேட்டால், ‘இங்கே சுகமாக இருக்கிறது, நினைவு வரவில்லை’ என்கிறார்.

அவருடைய அதிகாரி ஷி ஜெங் தனியே அழைத்து, ‘மறுபடி கேட்டால், முன்னோர் சமாதிகள் தொலைவில் இருக்கின்றன, நினைக்காத நாளில்லை என்று அழுதுகொண்டே சொல்லுங்கள்’ என்று சொல்லிக்கொடுக்கிறார். மறுபடியும் கேட்கிறார்கள். லியூ ஷான் ஒப்பிக்கிறார். கண்ணீர் வராததால் கண்ணை மூடிக்கொள்கிறார். ‘இது ஷி ஜெங் பேசுவதுபோல் இருக்கிறதே’ என்கிறார் ஸிமா ஜாவ். லியூ ஷான் கண்ணைத் திறந்து வியப்போடு, ‘ஆமாம், அவர் சொன்னதுதான்!’ என்கிறார்.